எத்தனை நாள் தெரியும்?

"எத்தன நாளைக்குண்ணே உடம்புல தெரியும்?"

இதைக் கேட்கிறவன் எப்போதும் ஏதோ அவசரத்தில் இருப்பான். கப்பல் கம்பெனி மெடிக்கல் அடுத்த வாரம் இருக்கும். வளைகுடாவுக்கு விசா வந்திருக்கும். ஹாஸ்டலில் எவனோ பெயரைப் போட்டுக் கொடுத்திருப்பான். மதுரையில் இந்தக் கேள்விக்கு டீக்கடைக்கு ஒரு பதில் உண்டு. மூணு நாள் என்பான் ஒருவன். ஒரு மாசம் என்பான் இன்னொருவன். எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு குடிச்சா மறுநாளே போயிரும் என்பான் மூன்றாமவன். மூன்றாமவன் சொல்வது மட்டும்தான் முழுப்பொய். மற்ற இரண்டு பேரும், ஆளைப் பொறுத்து, சரியாகவே சொல்கிறார்கள்.

கணக்கை முதலிலேயே சொல்லிவிடலாம். சிறுநீர்ப் பரிசோதனையில், எப்போதோ ஒருமுறை இழுத்தவனுக்குச் சுமார் 3 நாள். வாரத்தில் சில தடவை என்றால் 5 முதல் 7 நாள். தினமும் என்றால் 10 முதல் 15 நாள். வருஷக்கணக்காக விடாமல் இழுத்தவனுக்கு ஒரு மாதம், சிலருக்கு அதற்கும் மேலே. எச்சிலில் ஒரு நாள், கொஞ்சம் கூடலாம். முடியில் 3 மாதம். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது, லேப்பில் வேரை ஒட்டி 3 செ.மீ. எடுத்துச் சோதிக்கிறார்கள், அதனால் 3 மாதம். போதை எவ்வளவு நேரம்? புகைத்தால் பெரும்பாலும் 2 முதல் 4 மணி நேரம். அவ்வளவுதான்.

போதை சில மணி நேரம், தடயம் சில வாரம். இந்த இடைவெளிக்குள்தான் போலீஸ், டாக்டர், நீதிமன்றம், வேலை கொடுக்கும் கம்பெனி என எல்லோரும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு உடம்பைப் பார்த்து இவன் கஞ்சாக்காரன் என்று எப்படி முடிவு செய்தார்கள் என்பதற்கு நம் பக்கத்தில் ஒன்றேமுக்கால் நூற்றாண்டுக் கதை இருக்கிறது.

அது தொடங்கியது சென்னையில். 1849-இல் சென்னை மாகாணத்தில், சுகாதாரத் துறையின் கீழ், விஷப் பரிசோதனைக்கென ஒரு ஆய்வகம் அமைந்தது. இந்தியாவிலேயே முதல் வேதியியல் பரிசோதகர் அலுவலகம் அதுதான். மாகாணத்து ஊர்களில் சந்தேகத்துக்குரிய சாவு நடந்தால், செத்தவர் வயிற்றிலிருந்து எடுத்ததை இப்படிப்பட்ட அலுவலகங்களுக்குத்தான் அனுப்ப வேண்டும். ஆர்சனிக்கைக் கண்டுபிடிக்க 1836-இலேயே ஒரு சோதனை வந்துவிட்டது. ஊமத்தையை அறிய அந்தக் காலத்துப் பரிசோதகர்கள் ஒரு விசித்திரமான வழி வைத்திருந்தார்கள். வயிற்றுச் சாற்றைப் பக்குவப்படுத்தி ஒரு பூனையின் கண்ணில் ஒரு சொட்டு விடுவார்கள். கண்மணி விரிந்தால் ஊமத்தை. எத்தனையோ வழிப்பறிக் கொலை வழக்குகளில் பூனைதான் சாட்சி.

கஞ்சாவுக்கு மட்டும் பூனையும் இல்லை, சோதனையும் இல்லை. ஒருவன் கஞ்சா குடித்திருக்கிறானா என்று அறிய ஒரே வழி, அவனையோ அவன் ஊர்க்காரனையோ கேட்பதுதான். இதன் விளைவு என்ன என்று 1893-இல் தெரிந்தது.

அந்த வருஷம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வில்லியம் கெய்ன் என்ற மதுவிலக்குக்காரர் கிளப்பிய கேள்வியால், இந்திய அரசு ஒரு ஆணையத்தை அமைத்தது. இந்தியக் கஞ்சா ஆணையம் என்று இன்றும் பேசப்படுகிறதே, அது. தலைவர் மாக்வர்த் யங். 1,193 சாட்சிகள், 7 தொகுதிகள், 3,000 பக்கங்களுக்கு மேல். கஞ்சாவைப் பற்றி அதற்கு முன் உலகில் யாரும் இவ்வளவு பெரிய விசாரணை நடத்தியதில்லை. சென்னை மாகாணத்தில் கஞ்சாப் பழக்கம் வடக்கே உள்ளதைவிடக் குறைவு என்றுதான் ஆணையம் கண்டது.

ஆணையத்தின் முன் இருந்த பெரிய குற்றச்சாட்டு, கஞ்சா பைத்தியமாக்கும் என்பது. ஆதாரம் என்று காட்டப்பட்டவை பைத்தியக்கார மருத்துவமனைகளின் பதிவேடுகள். நம் மாகாணத்தில் அப்போது இருந்தவை சென்னை கீழ்ப்பாக்கம், கோழிக்கோடு, விசாகப்பட்டினம் ஆகிய 3 மட்டும், மதுரையில் கிடையாது. நாடு முழுக்க 24 மருத்துவமனைகளின் 1892-ஆம் ஆண்டுப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆண்டு சேர்க்கப்பட்டவர்கள் 1,344 பேர். 'காரணம்' என்ற கட்டத்தில் கஞ்சா, பங்கி, சரஸ் என்று எழுதப்பட்டிருந்தவர்கள் 222 பேர்.

இங்கேதான் ஆணையம் யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தது. 222 பேரையும் ஒவ்வொருவராகத் திரும்ப விசாரிக்கச் சொன்னது. அந்தக் கட்டத்தை நிரப்பியது யார்? டாக்டர். டாக்டருக்கு யார் சொன்னது? நோயாளியோடு வந்த போலீஸ் காகிதம். போலீஸுக்கு யார் சொன்னது? பல இடங்களில் யாருமே இல்லை. தெருவில் திரிந்தவனைப் பிடித்தார்கள், படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது, அவன் எப்போதோ கஞ்சா குடித்தவன் என்று ஒரு பேச்சு இருந்தது, எழுதியாச்சு. மறுவிசாரணைக்குப் பிறகு 222-இல் தேறியது 98. அதிலும் வேறு காரணங்களும் கலந்தவை உண்டு. சாராயம் குடித்தவன், காய்ச்சலில் மூளை கலங்கியவன், பரம்பரையாக நோய் உள்ளவன் என்று பலரும் ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டிருந்தார்கள்.

கஞ்சா கெடுதலே இல்லை என்று நான் சொல்லவில்லை. சின்ன வயதில் தொடங்கி நிறையக் குடிப்பவர்களுக்கு மனச்சிதைவு அபாயம் கூடுகிறது என்பதை இன்றைய மனநல மருத்துவம் தெளிவாகச் சொல்கிறது. ஆணையமும் அளவு மீறினால் கெடுதல் என்றுதான் எழுதியது. என் அக்கறை அந்தக் கட்டத்தின் மேல்தான். ஒருவன் கஞ்சா குடித்தவன் என்பதும், கஞ்சாவால்தான் அவனுக்கு இது ஆனது என்பதும் ஒரே வாக்கியம் போலத் தோன்றுகின்றன. இரண்டும் வேறு.

மதுரைச் சீமைக்கு இந்த வித்தியாசம் வேறொரு வழியில் வந்து சேர்ந்தது, கஞ்சா இல்லாமலே. குற்றப் பரம்பரைச் சட்டத்தை உசிலம்பட்டிப் பக்கம் அந்தப் பெயரில் சொல்ல மாட்டார்கள். ரேகைச் சட்டம் என்பார்கள். 1914-இல் கீழக்குயில்குடியில் ஆரம்பித்து, 1918-இல் பிரமலைக் கள்ளர் எல்லோர் மேலும் விரிந்தது. வயது வந்த ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், இரவில் ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை தர மறுத்தார்கள். போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி. ரேகை ஒருவன் யார் என்று சொல்லும், என்ன செய்தான் என்று சொல்லாது. அந்தச் சட்டத்துக்கு முதலாவது போதுமாயிருந்தது. உடம்பிலிருந்து ஒரு அடையாளத்தை எடு, அதையே குற்றமாக வைத்துக்கொள். கஞ்சாவுக்கு இதே வேலையைச் செய்யும் கருவி வர இன்னும் அரை நூற்றாண்டு ஆக வேண்டியிருந்தது. தாமதத்துக்குக் காரணம் வேதியியல்.

அபினியிலிருந்து மார்பினை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்துவிட்டார்கள். கோக்கா இலையிலிருந்து கொக்கெய்ன் 1860 வாக்கில் வந்துவிட்டது. இரண்டும் ஆல்கலாய்டுகள், அமிலத்தோடு சேர்த்தால் உப்பாகும், நீரில் கரையும், படிகமாக உறையும். கஞ்சாவின் சத்து அப்படியில்லை. பிசுபிசுவென்ற எண்ணெய். நீரில் கரையாது, படிகமாகாது, அதே குடும்பத்தைச் சேர்ந்த டஜன் கணக்கான பொருட்களோடு பின்னிக் கிடக்கும். 1890-களின் பிற்பகுதியில் கேம்பிரிட்ஜில் ஒரு பொருளைப் பிரித்து, இதுதான் அது என்று நினைத்தார்கள். கன்னாபினால் என்று பெயர் வைத்தார்கள். உண்மையான ஆள் அது இல்லை. 1964-இல்தான் இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலமும் யெஹியேல் கவோனியும் டி.எச்.சி.யைச் சுத்தமாகப் பிரித்து அதன் அமைப்பைச் சொன்னார்கள். ஆராய்ச்சிக்கு வேண்டிய ஹஷீஷ் 5 கிலோவை மெஷூலம் போலீஸிடமிருந்தே வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு போனாராம். பஸ் முழுக்க வாசனை. நம்ம ஊர் டவுன் பஸ்ஸில் முடியுமா?

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வேதியியலாளர்களை ஒரு நூற்றாண்டு அலைக்கழித்த அதே எண்ணெய்க் குணம்தான் கஞ்சாவை உடம்பில் தங்க வைக்கிறது. சாராயம் தண்ணீரோடு தண்ணீராகக் கலந்து மணிக்கு இவ்வளவு என்று எரிந்து போய்விடும். டி.எச்.சி. இரத்தத்திலிருந்து வேகமாக இறங்கிக் கொழுப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அங்கிருந்து துளித்துளியாக, கடன் திருப்பித் தருகிற மாதிரி, நாள்கணக்கில் கசியும். கல்லீரல் அதை மாற்றி, போதை தராத ஒரு கார்பாக்ஸி வடிவமாக்கி வெளியே தள்ளும். பெரும்பகுதி மலத்தில் போகிறது, சிறுபகுதி சிறுநீரில். சிறுநீர்ச் சோதனை தேடுவது இந்தக் கடைசிப் பொருளைத்தான். அதாவது போதையைத் தேடவில்லை, போதை முடிந்த பிறகு மிஞ்சிய குப்பையைத் தேடுகிறது. முதல்முறை இழுத்தவனை அடுத்த அரைமணி நேரத்தில் சோதித்தால், ஆள் மிதந்துகொண்டிருப்பான், சிறுநீர் சுத்தம் என்று வரலாம். மறுநாள் காலை குளித்துச் சாப்பிட்டு வேலைக்குக் கிளம்பும்போது சோதித்தால் மாட்டுவான்.

இங்கே மதுரையில் கஞ்சா எப்படிச் சட்டத்துக்குள் வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். சித்தர் மருந்துகளில் அதற்குக் கோரக்கர் மூலி என்று பெயர். சதுரகிரி ஏறுகிறவர்கள் வழியில் கோரக்கர் குகையைப் பார்த்திருப்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் அது ஆப்காரிச் சரக்கு, உரிமம் வாங்கிய கடையில் விற்பது, அரசுக்கு வருமானம். 1937-இல் ராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம் சாராயத்தோடு கஞ்சாவையும் சேர்த்துப் பிடித்தது. சேலத்தில் ஆரம்பித்து 1948-க்குள் மாகாணம் முழுதும் பரவியது. பிறகு 1985 நவம்பர் 14-இல் நடைமுறைக்கு வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம். மதுரையில் இதற்கெனவே சிறப்பு நீதிமன்றம் இருக்கிறது. ஒரு காலத்தில் கம்பம், வருசநாட்டு மலைகளின் சரக்கு பேர் போனது. இப்போது பெரும்பாலும் ஆந்திர, ஒடிசா மலைகளிலிருந்து ரயிலிலும் லாரியிலும் வருகிறது.

1985 சட்டம் கவனமாகப் படிக்க வேண்டிய ஒன்று. அது கஞ்சா என்பது பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி என்கிறது. நுனி இல்லாமல் வெறும் இலையும் விதையும் மட்டும் இருந்தால் கஞ்சா இல்லை. 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. ஆக இந்தச் சட்டத்தின் கண் பொட்டலத்தின் மேல்தான். எடை போடு, மாதிரி எடு, அரக்கு முத்திரை வை, தடய அறிவியல் லேப்புக்கு அனுப்பு. 2021 டிசம்பரில் தொடங்கிய 'கஞ்சா வேட்டை'யின்போது தென்மாவட்டப் போலீஸ் ஒருபடி மேலே போய் வியாபாரிகளின், சொந்தக்காரர்களின் வங்கிக் கணக்குகளையும் முடக்கியது. அதுவும் பொருளைத் துரத்துவதுதான். பொருள் போனால் வழக்கும் போகும். சென்னையில் 2020-இல் பிடித்த 22 கிலோவை எலிகள் தின்றுவிட்டன என்று போலீஸ் சொல்ல, 2023-இல் நீதிமன்றம் 2 பேரை விடுதலை செய்தது. எலிகளின் சிறுநீரை யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை.

பொட்டலத்தை நம்பிய சட்டத்துக்கு ஒரு பலவீனம் உண்டு: பொட்டலத்தை யார் பாக்கெட்டில் வேண்டுமானாலும் வைக்கலாம். "ரொம்பப் பேசுன, கஞ்சா கேஸ் போட்ருவேன்" என்ற வசனம் தமிழ் சினிமாவுக்கு எங்கிருந்தோ வந்ததுதானே. உடம்புச் சோதனை இதற்கு மாற்றாகத் தோன்றும். உடம்பில் யாரும் கொண்டுவந்து வைக்க முடியாதே. அந்த மாற்றைத் தேடிப் போனவர்கள் அமெரிக்கர்கள்.

1981 மே 26 இரவு, நிமிட்ஸ் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில் ஒரு விமானம் தவறாக இறங்கி மோதியது. 14 பேர் இறந்தார்கள். பிரேதப் பரிசோதனையில், செத்த தளப் பணியாளர்களில் சிலர் உடம்பில் கஞ்சாத் தடயம் இருந்தது. தலைப்புச் செய்தி அதுதான் ஆனது. விமானத்தை ஓட்டியவர் உடம்பில் கஞ்சா இல்லை, அளவுக்கு மீறிய சளி மருந்து இருந்தது. தளத்தில் நின்றவன் முந்தின வாரம் இழுத்ததற்கும் இறங்கும் விமானம் தடம் மாறியதற்கும் என்ன சம்பந்தம்? கடற்படையே சம்பந்தம் இருப்பதாகச் சொல்லவில்லை. ஆனாலும் அதன்பின் படை முழுக்கச் சிறுநீர்ச் சோதனை கடுமையானது. 1986-இல் ரீகன் அரசு ஊழியர்களுக்கும் கொண்டுவந்தார். 1892 பதிவேட்டின் 'காரணம்' கட்டம் கடல் தாண்டிப் போய், லேப் ரிப்போர்ட்டாக உட்கார்ந்துகொண்டது.

சோதனைக்கு ஒரு எல்லைக்கோடு வேண்டும். ஆரம்பத்தில் அமெரிக்க அரசின் முதல்கட்டச் சோதனைக்கு ஒரு மில்லிலிட்டரில் 100 நானோகிராம். 1994-இல் அது 50 ஆனது. அன்று காலை வரை சுத்தமாக இருந்த சிறுநீர் சாயங்காலம் அழுக்கானது, குடித்தவன் கூடுதலாக ஒன்றும் செய்யாமலே. 1998 குளிர்கால ஒலிம்பிக்கில் கனடாவின் ராஸ் ரெபக்லியாட்டி தங்கம் வாங்கினார். 17.8 நானோகிராம் இருந்ததென்று பதக்கத்தைப் பறித்து, பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். 2013-இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு தன் எல்லையை 15-இலிருந்து 150-க்கு ஏற்றியது. இந்த எண்களை உடம்பு சொல்லவில்லை, கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள்.

நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் கிட்டும் பெரும்பாலும் இந்த 50-ஐ வைத்துத்தான் வேலை செய்கிறது. அதில் ஒரு தலைகீழ் விஷயம் உண்டு. 'டி' என்ற இடத்தில் கோடு விழுந்தால் சுத்தம், மங்கலாக விழுந்தாலும் சுத்தம். கோடே விழாவிட்டால்தான் மாட்டினீர்கள். கர்ப்பச் சோதனை கிட்டைப் பார்த்துப் பழகியவர்கள் பதறிப்போவார்கள். இது முதல்கட்டச் சோதனை மட்டும். உறுதிப்படுத்த ஜி.சி.எம்.எஸ். என்ற பெரிய கருவி வேண்டும். அதுவும் இருக்கிறதா, எவ்வளவு என்று சொல்லும். எப்போது இழுத்தான் என்று சொல்லாது.

இந்தியச் சட்டத்துக்கு இது ஓரளவு தெரிந்தே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவில் சாராயத்துக்கு எண் உண்டு: 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம். மற்ற போதைகளுக்கு எண்ணே இல்லை, வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு ஆட்பட்டிருந்தால் என்று மட்டும் இருக்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு உட்கொள்வதையே குற்றமாக்குகிறது. கஞ்சாவுக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதை நிரூபிக்கச் சோதனை செய்திருக்க வேண்டுமே. 2021-இல் ஷாருக் கான் மகன் ஆர்யன் கானுக்கு ஜாமீன் கொடுத்த மும்பை உயர் நீதிமன்றம், இவர்கள் உட்கொண்டார்களா என்று அறிய மருத்துவப் பரிசோதனையே நடத்தவில்லை என்பதைக் குறிப்பிட்டது. அந்தப் பையனுக்கு வக்கீல் இருந்தார், ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. திருமங்கலத்திலோ மேலூரிலோ பிடிபடுகிறவனுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் சமவெளியிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் போய்ச் சேரும் சில ஊர்களில், உடம்பும் பொட்டலமும் ஒன்றுதான். அமீரகத்தில் இரத்தத்தில் தடயம் இருப்பதையே கையில் வைத்திருப்பதாக எடுத்துக்கொள்வார்கள் என்று பிரிட்டன் தன் பயணிகளை எச்சரித்து வந்திருக்கிறது. சிங்கப்பூரில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் குடித்திருந்தாலும் உள்ளே குடித்ததாகவே கணக்கு. கேட்டவுடன் சிறுநீர் கொடுக்க மறுப்பதும் குற்றம். ஊர்த் திருவிழாவுக்கு வந்து நண்பர்களோடு ஒருநாள் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிற சிங்கப்பூர் பி.ஆர். மச்சானுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். அவனுக்குத்தான் அந்த 3 நாள், 7 நாள், 15 நாள் கணக்கெல்லாம்.

தங்கராஜு சுப்பையா சிங்கப்பூர்த் தமிழர். சிறுநீர்ச் சோதனைக்கு வரத் தவறியது, போதைப்பொருள் உட்கொண்டது என்ற விவகாரங்களில் ஏற்கெனவே காவலில் இருந்தவர். அப்போதுதான் 2013-இல் பிடிபட்ட ஒரு கஞ்சாக் கடத்தலோடு அவரைச் சேர்த்தார்கள். சேர்த்தவை 2 தொலைபேசி எண்கள். கஞ்சாவை அவர் தொட்டதில்லை. போலீஸ் வாக்குமூலம் எடுத்தபோது தமிழ் மொழிபெயர்ப்பாளர் தரவில்லை என்று அவர் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2023 ஏப்ரல் 26 அன்று சாங்கி சிறையில் தூக்கிலிட்டார்கள். வயது 46. வழக்கில் இருந்த கஞ்சா 1,017.9 கிராம். அங்கே 500 கிராமுக்கு மேல் கடத்தினால் தூக்கு. மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதே பொட்டலம் வந்திருந்தால், சிறிய அளவைவிட 17.9 கிராம் கூடுதல் என்று தராசைப் பார்த்து எழுதிக்கொண்டு, இடைப்பட்ட அளவுக்கான பிரிவில் விசாரித்திருப்பார்கள்.